ஸ்பிரிங் மட்டும் மாத்தினால் போதும் என்றார்கள்

காரின் உயரத்தை இறக்குகிற லோயரிங் ஸ்பிரிங் வாங்கலாமா என்று விலை விசாரித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் விசாரித்த காலத்தில் எனக்கு வாய்த்தது இரண்டே வகை ஆட்கள். ஒரு வகை, "போடுங்க தம்பி, வண்டி சும்மா தரையோட ஒட்டிப் போகும்" என்பவர்கள். இன்னொரு வகை, "கம்பெனிக்காரனை விட உனக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறவர்கள். ஷாக் அப்சார்பரையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று இரண்டு தரப்பும் வாயைத் திறக்கவே இல்லை. எனக்கு ஒரு லட்சத்துக்கு மேல் செலவு வைத்தது அந்த ஷாக் அப்சார்பர்தான்.

என்னுடையது 2014 மாடல் ஸ்விஃப்ட் இசட்டிஐ, டீசல். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போதே 80,000 கிலோமீட்டரை நெருங்கியிருந்தது. கோயம்புத்தூரில் ஆபீஸ், மாமனார் வீடு வால்பாறை. ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, அதற்குப் பிறகும் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் அடங்கும். பின் சீட்டில் மனைவி பாலிதீன் கவரோடுதான் உட்காருவாள். டயருக்கும் அதற்கு மேலே வளைந்திருக்கும் ஃபெண்டர் தகட்டுக்கும் நடுவில் கை உள்ளே போகிற அளவுக்கு இடைவெளி. அது எனக்குப் பார்க்கவே பிடிக்காது. வண்டி உயரமாக இருப்பதால்தான் ஆடுகிறது, இறக்கிவிட்டால் ஆட்டம் நிற்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும் என்பது கணக்கு. கடைக்காரரும் அதையேதான் சொன்னார். "அண்ணா, 35 எம்எம் டவுன் ஆகும்ங்க. ஷாக்கெல்லாம் கம்பெனியுதே இருக்கட்டும், ஸ்பிரிங் மட்டும் மாத்துனா போதும்ங்க."

ஸ்பிரிங் செட் 17,500, மாட்டும் கூலி 3,500. கூடவே 185/65 டயரைக் கழற்றிவிட்டு 195/55, அதே 15 இஞ்ச் ரிம்மில். அது ஒரு 24,000. சாயங்காலம் வண்டியை வெளியே எடுத்து எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டுப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவு அழகாக இருந்தது. வீட்டுக்கு நேராகப் போகாமல் அவினாசி ரோட்டில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் போனேன். நேர் ரோட்டில் ஸ்டியரிங் சொன்னபடி கேட்டது. அந்த ஒரு வாரம் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இதைக் கடைக்குப் போகும் முன்பே எல்லோரும் போட்டுவிட வேண்டும். கம்பெனி சொல்லும் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் நடுவே உள்ள உயரம், 170 மி.மீ. ஸ்பிரிங்கில் 35 போனது. டயரில் எவ்வளவு போனது என்று யாரும் சொல்லவில்லை. 185/65 ஆர்15 டயரின் மொத்த உயரம் ஏறத்தாழ 621 மி.மீ., 195/55 ஆர்15-க்கு 595 சொச்சம். அதில் பாதி, அதாவது 13 மி.மீ., தரையிலிருந்து குறைந்துவிட்டது. (ஸ்பீடாமீட்டரும் உள்ளதை விட நாலு சதவீதம் கூட்டிக் காட்ட ஆரம்பித்தது தனிக்கதை.) மிச்சம் 122. ஆனால் நான் டேப் பிடித்து அளந்தபோது முன்பக்கம் அதைவிடவும் இறங்கியிருந்தது. காரணம், டீசல் இன்ஜின் பெட்ரோல் இன்ஜினை விட கனம். கம்பெனியே இரண்டுக்கும் முன் ஸ்பிரிங்கை வேறு வேறாகத்தான் போடுகிறது. எனக்கு மாட்டியது பெட்ரோல் ஸ்விஃப்டுக்கான ஸ்பிரிங். பெட்டியில் சிறிய எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. எனக்கும் தெரியவில்லை, கடையிலும் யாரும் கவனிக்கவில்லை. குடும்பத்தோடு ஏறி, டிக்கியில் சாமானும் வைத்தால் இன்னும் இறங்கும். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதிப்படி போடுகிற வேகத்தடையே 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அவ்வளவு அகலத்தில் சரிவாக ஏறி இறங்குவதால் அதில் தப்பிக்கலாம். நம் ஊர்த் தெருக்களில் மீந்த கான்கிரீட்டை அள்ளிப் போட்டு மேடு கட்டியிருக்கிறார்களே, அதற்கு எந்த விதியும் இல்லை. அதில் முன் சக்கரம் தாண்டியதும் நடு வயிறு இடிக்கும். "ஏங்கண்ணு, நான் எறங்கி நடந்து வரட்டுமா?" என்று அம்மா கேட்க ஆரம்பித்தார். முதலில் கிண்டலுக்குத்தான் கேட்டார். பிறகு உண்மையிலேயே இறங்கி நடந்தார். எங்கள் தெரு முனையிலிருந்து வீடு வரைக்கும் அம்மா நடக்க, நான் காரைக் குறுக்கே சாய்த்துச் சாய்த்து ஏற்றிக்கொண்டு வர, பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்க, மானம் போனது.

அதனால் அளப்பதை முறையாகச் செய்யுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் காற்றுக்கும் தேய்மானத்துக்கும் ஏற்ப அது மாறிக்கொண்டே இருக்கும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை, நாலு மூலையிலும், சமதரையில், காலி வண்டியில் அளந்து எழுதி வையுங்கள். வேலை முடிந்ததும் ஒரு முறை, ஒரு வாரம் ஓட்டி ஸ்பிரிங் படிந்த பிறகு ஒரு முறை. இடதும் வலதும் வித்தியாசமாக இருந்தால் அன்றைக்கே கடைக்குத் திரும்புங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் "ரோடு அப்படிங்கண்ணா" என்பார்கள்.

இடிப்பதைக்கூட மெதுவாகப் போய்ச் சமாளித்தேன். தாங்க முடியாதது துள்ளல். சின்னப் பள்ளத்தில் விழுந்தாலே 'டொம்' என்று முதுகுத்தண்டில் ஏறும். பிறகு வண்டி இரண்டு மூன்று முறை எகிறும். எந்த ஆட்டத்தை நிறுத்த இவ்வளவு செலவு செய்தேனோ அதே ஆட்டம், முன்னைவிட முரட்டுத்தனமாக. வால்பாறை ரோட்டில் ஒரு வளைவின் நடுவில் பள்ளம் ஒன்றில் முன் சக்கரம் விழுந்தபோது வண்டி ஒரு அடி வெளிப்பக்கம் தள்ளிப் போனது. எதிரில் பஸ் இல்லை, அவ்வளவுதான். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது.

ஏன் அப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு மாதக்கணக்கில் ஆனது. விஷயம் எளிமையானதுதான். ஸ்பிரிங் வண்டியைத் தாங்குகிறது, ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிறது. ஷாக்குக்குள் ராட் மேலும் கீழும் போக ஒரு குறிப்பிட்ட தூரம்தான் உண்டு. ஸ்பிரிங்கைக் குட்டையாக்கினால், வண்டி சும்மா நிற்கும்போதே ராட் பாதிக்கு மேல் உள்ளே போய்விடுகிறது. பள்ளத்தில் விழும்போது அமுங்க மிச்சமிருக்கிற தூரம் கொஞ்சம். அது தீர்ந்ததும் பம்ப் ஸ்டாப்பில், அதாவது கடைசி இடியை வாங்க ராடில் வைத்திருக்கும் மெத்தையில், போய் மோதும். அந்த 'டொம்' சத்தம் அதுதான். மோதாமல் இருக்கட்டும் என்றுதான் லோயரிங் ஸ்பிரிங்கைக் கடினமாகச் செய்கிறார்கள். கடினமான ஸ்பிரிங் அதிக வேகத்தில் திரும்ப எழும். கம்பெனி ஷாக் கம்பெனி ஸ்பிரிங்குக்காகச் செய்தது, அதனால் இதை அடக்க முடியாது. அதிலும் என் ஷாக் 80,000 கிலோமீட்டர் ஓடி ஏற்கெனவே ஓய்ந்துபோனது. மில்லிமீட்டர் கணக்கை மட்டும் கடையில் பேசுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது, "இறக்கின பிறகு ஷாக்குக்கு எவ்வளவு டிராவல் மிச்சம் இருக்கும்?" என்ற ஒரே கேள்விதான். பதில் சொல்லத் தெரியாத கடையில் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

கொஞ்ச நாளில் முன் ஷாக் இரண்டும் ஆயில் ஒழுக ஆரம்பித்தன. இங்கே ஒரு குறிப்பு: ஷாக்கின் மேல்பகுதியில் லேசாக ஈரப்பசை இருந்தால் பயப்பட வேண்டாம். ஆயில் கீழே வரை வழிந்து, தூசி அதில் ஒட்டிக் களிம்பாகப் படிந்திருந்தால் ஷாக் போய்விட்டது. கழற்றியபோது நான் பக்கத்திலேயே நின்றேன். பம்ப் ஸ்டாப் இருந்த இடத்தில் மஞ்சள் பொடிதான் இருந்தது, விரலால் தொட்டால் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. வலது பக்க ராடைத் துணியால் துடைத்துப் பார்த்தால், பளபளப்பான குரோம் மேல் பல் பல்லாக நான்கைந்து கீறல். நகத்தை வைத்து இழுத்தால் நகம் தட்டி நிற்கிறது. ஸ்பிரிங் மாட்டியபோது மேல் நட்டை முடுக்க, ராட் கூடவே சுற்றாமல் இருக்க பிளையரால் பிடித்திருக்கிறார்கள். அந்தக் கீறல் ஒவ்வொரு முறை சீலுக்குள் போய் வரும்போதும் ரப்பரை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. ராடின் நுனியிலேயே சாவி போட்டுப் பிடிக்க வழி வைத்திருப்பார்கள். எந்த ஷாப்பாக இருந்தாலும் ராட் மேல் பிளையர் வைத்தால் கையைப் பிடித்துத் தடுங்கள். மரியாதைக் குறைவாக நினைத்தாலும் பரவாயில்லை.

அடுத்ததுதான் ஒரிஜினலா, வெளி மார்க்கெட்டா என்ற கேள்வி. கடையில் மூன்று வழி சொன்னார்கள். மாருதி ஜெனுயின் ஷாக், அதே வகையில் வெளி பிராண்ட், அல்லது "கொஞ்சம் ஹார்டா இருக்கும்ங்க, ஸ்போர்ட்ஸ் கேஸ் ஷாக்" என்று பேர் தெரியாத ஒன்று. நான் மூன்றாவதை எடுத்தேன். நாலும் 11,000, மாட்ட 2,500. துள்ளல் உண்மையிலேயே குறைந்தது, ஆனால் வண்டி மாட்டு வண்டி ஆனது. டோல்கேட் முன்னால் போட்டிருக்கும் சின்னச் சின்னக் கோடுகளில்கூடப் பல் ஆடும். அதுவும் ஒரு மழைக்காலத்தைத்தான் தாண்டியது. ஹார்டு என்பது வேறு, பொருத்தம் என்பது வேறு. லோயரிங் ஸ்பிரிங்குக்கென்றே ராடைக் குட்டையாக்கி, உள்ளே வால்வையும் அதற்கேற்ப அமைத்துச் செய்கிற ஷாக் உண்டு. பில்ஸ்டைன் என்ற ஷாக் பிராண்ட், பி6 கம்பெனி உயரத்துக்கு, பி8 இறக்கின வண்டிக்கு என்று தனித்தனியாகவே வைத்திருக்கிறது. அதே பி8-ஐ ஐபாக் ஸ்பிரிங்கோடு சேர்த்து பி12 என்று ஒரே செட்டாகவும் தருகிறார்கள். அப்படி ஜோடி சேர்த்து விற்பதற்குக் காரணம் இருக்கிறது. இறக்குவதென்றால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஜோடியாக வாங்குங்கள். ஜோடிக்குக் காசு இல்லையென்றால் காசு சேரும் வரை பொறுங்கள். பாதியை இப்போது, பாதியைப் பிறகு என்று போனால் என்னைப்போல இரண்டு மடங்கு கொடுப்பீர்கள்.

இதற்கு நடுவில் சத்தம் தேடும் படலம் ஒன்று நடந்தது. ஸ்டியரிங் திருப்பினால் 'டங்', மேட்டில் ஏறினால் 'கட கட'. ஒருவர் லிங்க் ராட் என்றார், மாற்றினேன். இன்னொருவர் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கிற கை) என்றார், வெளி மார்க்கெட்டில் இரண்டு பக்கமும் மாற்றினேன். 7,500 போனது, சத்தம் போகவில்லை. கடைசியில் பீளமேடு பக்கம் ஒரு வயதான மெக்கானிக் வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முன் ஸ்பிரிங் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "நீங்க ஏறி ஸ்டியரிங்கை மெல்லத் திருப்புங்க தம்பி" என்றார். ஒரே திருப்பு, "டாப் மவுண்ட் பேரிங்" என்றார். ஷாக்கின் மேல்முனை வண்டியோடு சேரும் இடத்தில் இருக்கும் பேரிங் அது. என்னையும் கை வைத்துப் பார்க்கச் சொன்னார். பேரிங் இறுகியிருந்தால் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு, பிறகு விடுபட்டு உள்ளங்கையில் அடிக்கும். இந்தச் சோதனைக்குக் காசே கிடையாது. ஷாக் மாற்றும் ஒவ்வொரு முறையும் டாப் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். அவற்றின் விலை கொஞ்சம், அதற்காக ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த செட்) திரும்பக் கழற்றும் கூலிதான் அதிகம்.

அவரே லோயர் ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ்ஷையும் காட்டினார். புதுசு, ஆனால் ரப்பர் கிழிந்திருந்தது. ஜாக்கில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுசாக முடுக்கிவிட்டார்களாம். வண்டியை இறக்கினதும் ஆர்ம் மேலே வரும், ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும். போல்ட்டை விரலால் மாட்டி, வண்டியைச் சக்கரத்தில் நிற்க வைத்துவிட்டு அப்புறம்தான் கடைசி முடுக்கு கொடுக்க வேண்டும். லோயரிங் செய்கிற வண்டியில் பழைய புஷ் எல்லாமே இதே முறுக்கில் மாட்டிக்கொள்கிறது. அதனால் அந்தப் போல்ட்டுகளை ஒருமுறை தளர்த்தி, புது உயரத்தில் மறுபடி முடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நான் விசாரித்த கடைகளில் இதைத் தானாகச் சொன்னது அவர் ஒருவர்தான்.

டயர் கதை சுருக்கம். வெளியிலிருந்து பார்த்தால் பட்டன் நன்றாக இருந்தது. பஞ்சருக்குக் கழற்றியபோதுதான் உள் விளிம்பில் கம்பி தெரிந்தது. இறக்கினால் சக்கரம் மேல்பக்கம் உள்நோக்கிச் சாயும், கூடவே டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறும். உள் விளிம்பை அதிகம் தின்பது டோதான். ஸ்விஃப்டில் முன்பக்கம் டோ மட்டுமே அட்ஜஸ்ட் செய்ய முடியும், அந்தச் சாய்வுக்கு, அதாவது கேம்பருக்கு, கம்பெனியில் வசதி இல்லை. பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் சேர்க்கிற டார்ஷன் பீம் என்ற ஒரே சட்டம், அதில் எதையும் திருப்ப முடியாது. ஸ்பிரிங் மாட்டிய அன்றும், படிந்த பிறகும் அலைன்மெண்ட் பார்த்து, அளவு அச்சிட்ட தாளை வாங்கி வையுங்கள். மாதம் ஒருமுறை ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து வைத்து உள் விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். ஹெட்லைட் உயரத்தையும் திரும்ப செட் பண்ண வேண்டும். இதை யாரும் செய்வதில்லை.

"ஸ்பிரிங்கை ரெண்டு சுத்து வெட்டிடலாம்ங்க, ஆயிரம் ரூபாய்ல முடிஞ்சிடும்" என்றும் ஒருவர் சொன்னார். தயவுசெய்து வேண்டாம். வெட்டின முனை ஸ்பிரிங் உட்காரும் தட்டில் சரியாக உட்காராது, வண்டியை ஜாக்கில் தூக்கினால் ஸ்பிரிங் கையால் சுற்றுகிற மாதிரி தளர்ந்து நிற்கும். பெரிய பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போதும் அதே நிலைதான், இடம் மாறி உட்கார்ந்தால் கதை முடிந்தது. கேஸ் வைத்துச் சூடாக்கி இறக்குவது அதைவிட மோசம், எஃகின் பதமே போய்விடும். நல்ல லோயரிங் ஸ்பிரிங்காக இருந்தாலும், சக்கரம் தொங்கும்போது இறுக்கமாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடையில் "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்கண்ணா" என்பார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரம் கம்பெனி முதலில் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் அந்தப் பிரிவை வைத்துக் கறாராகவே சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ என்ற பிரிவைப் புதிதாக மாற்றி எழுதினார்கள். அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். போலீஸை விட எனக்குப் பயம் இன்சூரன்ஸ்தான். மாற்றத்தை எழுத்தில் தெரிவிக்காமல் விட்டு, விபத்து நடந்தால் கிளெய்மில் இழுத்தடிக்க அவர்களுக்கு அதுவே போதும்.

கடைசியில் வண்டியைக் கம்பெனி உயரத்துக்கே கொண்டுவந்தேன். பழைய ஸ்பிரிங் இருந்திருந்தால் ஸ்பிரிங் செலவாவது மிச்சமாகியிருக்கும். முதல் கடையில் கேட்டால், எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டதாம். கழற்றின பார்ட் எதுவாக இருந்தாலும் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். முன்பின் ஸ்பிரிங் 8,000, ஜெனுயின் ஷாக் நாலும் 10,200, டாப் மவுண்ட், பம்ப் ஸ்டாப், புஷ் எல்லாம் 4,200, கூலி 4,000. 185/65 டயர் நாலு, இன்னொரு 20,000. ஸ்பிரிங் நம்பரை இந்த முறை சேஸிஸ் நம்பர் கொடுத்து, டீசலுக்கானதுதானா என்று பார்த்து வாங்கினேன். புது ஷாக்கை மாட்டும் முன் நேராக நிமிர்த்திப் பிடித்து, முழுசாக அமுக்கி இழுத்து நாலைந்து முறை பம்ப் செய்யச் சொன்னேன். படுக்க வைத்தே வந்த ஷாக்கில் உள்ளே காற்று இடம் மாறியிருக்கும், அதைத் தள்ளத்தான்.

எந்தப் பார்ட்டுக்கு எது என்றால் என் கணக்கு இது. ரப்பர் சம்பந்தப்பட்டதெல்லாம், அதாவது புஷ், டாப் மவுண்ட், பம்ப் ஸ்டாப், கம்பெனியுடையதே. வெளியில் பாதி விலைக்குக் கிடைக்கிற ரப்பர் பாதி காலம்கூட வராது. லிங்க் ராட், பால் ஜாயிண்ட் இரண்டும் நல்ல பிராண்டாக இருந்தால் வெளி மார்க்கெட்டில் எடுக்கலாம். ஷாக்கில் கவனம் தேவை. கம்பெனிக்குச் சப்ளை செய்கிறவர்களே தங்கள் சொந்தப் பெட்டியில் போட்டு விற்பார்கள், விலையும் குறையும். ஆனால் பெயர் ஒன்று என்பதற்காக உள்ளே வால்வும் அதேதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் மாடலுக்கான நம்பரா என்று பாருங்கள். ஷாக்கும் ஸ்பிரிங்கும் எப்போதும் இடது வலது ஜோடியாக. பில் இல்லாமல் எதுவும் வேண்டாம்.

புது ஷாக்கோடு வால்பாறைக்கு ஏறினேன். 170 மி.மீ. உயரத்தில்தான் நிற்கிறது, அந்த இடைவெளியும் அப்படியே இருக்கிறது. வளைவில் சாய்கிறது, நிமிர்கிறது, அத்தோடு அடங்கிவிடுகிறது. நான் ஒழிக்க நினைத்த அந்த மிச்ச ஆட்டம் செத்த ஷாக்கினால் வந்தது, உயரத்தினால் அல்ல. ஆகவே ஐம்பது அறுபதாயிரம் கிலோமீட்டர் தாண்டிய வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் கம்பெனி ஷாக்கை மாற்றி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் இறக்கத் தோன்றினால் 20, 25 மி.மீ.க்கு மேல் போகாத ஜோடி செட்டாக, உங்கள் இன்ஜினுக்கானதாகப் பார்த்து எடுங்கள். என் லோயரிங் ஸ்பிரிங்கை பெட்ரோல் ஸ்விஃப்ட் வைத்திருக்கிற ஒரு பையன் 6,000 கொடுத்து வாங்கிக்கொண்டு போனான். ஷாக் என்ன போடப் போறீங்க தம்பி என்று கேட்டேன். "கம்பெனி ஷாக்கே இருக்குதுங்கண்ணா" என்றான். அரை மணி நேரம் உட்கார வைத்து இத்தனையும் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு ஸ்பிரிங்கைத் தூக்கி டிக்கியில் போட்டுக்கொண்டான்.